இரண்டாவது பிரேக்

பிப்ரவரி 4

அன்புள்ள பொடிசுக்கு,

மாமா எழுதுவது. இங்கே நான் நலம், அதாவது டாக்டர் சொல்வதைக் கேட்காமல் இருக்கும் அளவுக்கு நலம். போனிலேயே பேசியிருப்பேன். போன தடவை நீதான், “உங்களோட போன்ல பேசினா எனக்கு ‘ம்’ போட மட்டுந்தான் இடம் கிடைக்குது மாமா, இனிமே எழுதுங்க” என்று சொல்லி வைத்துவிட்டாய். சரி, எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு என்னைப் பிரிந்த பள்ளிக்கூடம் இத்தனை வருடமாக ஏங்கிக் கிடக்கிறது. அதற்கும் ஓர் ஆறுதலாக இருக்கட்டும்.

விஷயம் பெரிது. குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவர்களுக்குப் புதுச் சட்டம் வரப்போகிறதே, பேப்பரில் பார்த்திருப்பாய். ஒரு சொட்டு உள்ளே இருந்தாலும் லைசென்ஸ் பறிபோகுமாம். யாருக்காவது காயம்பட்டால் நேரே சிறையாம். அதோடு விட்டார்களா? பிடிபட்டவன் எந்தப் பள்ளியில் ஓட்டப் படித்தானோ அந்தப் பள்ளியையும் விசாரிப்பார்களாம். பிள்ளை திருடினால் பள்ளிக்கூட வாத்தியாரைப் பிடிப்பது போல! இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதி நகர மண்டபத்தில் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிறார்கள். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்காரர்கள் சங்கத்தின் சார்பில் எதிர்த்துப் பேச ஓர் ஆள் வேண்டும் என்றதும், நாற்பது பேரும் ஒரே குரலில் என்னைக் காட்டினார்கள். (நாற்பது என்பது கொஞ்சம் அதிகம். வந்திருந்தவர்கள் பதினேழு. அதில் இரண்டு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.)

வேறு யாரைக் காட்டுவார்கள்? இந்த ஊரில் ஸ்டியரிங் பிடிக்கிற கைகளில் பாதி நான் பிடித்துப் பழக்கிய கைகள். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவனும் என் மாணவன், பிண வண்டி ஓட்டுகிறவனும் என் மாணவன். ஒருவன் தவறவிட்டால் இன்னொருவன் பிடித்துக்கொள்வான், ஆள் நம் கையைவிட்டுப் போகமாட்டார்.

பேச்சை எழுதி இதோடு வைத்திருக்கிறேன். நாலு நிமிடம்தான் தருவார்களாம். நீ படித்தவள், நர்ஸ் வேலையில் நாள் முழுக்க எழுதுகிறவள். பிழை பார்த்து, இரண்டு இடத்தில் கனமான வார்த்தையாகப் போட்டு அனுப்பு. மூன்றாம் பத்தியில் நீயும் வருகிறாய். பெயர் சொல்லவில்லை, பயப்படாதே.

மாமா


பிப்ரவரி 8

அன்புள்ள மாமாவுக்கு,

பிழை பார்த்துவிட்டேன். மூன்றாம் பத்தியை மட்டும் தொடவில்லை. நீங்கள் எழுதியதை அப்படியே கீழே எழுதுகிறேன், நிதானமாகப் படியுங்கள்:

‘முப்பத்தொரு வருடத்தில் என் வண்டி ஒரே ஒரு தடவைதான் ஓர் ஆள்மேல் மோதியது. அதற்குக் காரணம் குடியல்ல. பயிற்சி வண்டியில் வாத்தியார் இருக்கைக்கு முன்னால், காலடியில் இன்னொரு பிரேக் இருக்கும். அன்றைக்கு அந்த இருக்கையில் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். விளையாட்டாக அதை மிதித்துவிட்டாள். இதற்கு எந்தச் சட்டத்தில் தண்டனை?’

பக்கத்தில் ‘சிரிப்பார்கள், சற்று நிறுத்தவும்’ என்று உங்களுக்கு நீங்களே குறிப்பும் போட்டிருக்கிறீர்கள்.

அப்போது எனக்குப் பத்து வயது. போலீஸிடம் நாய் குறுக்கே வந்தது என்று சொன்னீர்கள். வீட்டில் என் கால் என்று சொன்னீர்கள். பிள்ளையைக் காப்பாற்றத்தான் நாயைச் சொன்னேன் என்று சொன்னதால் அம்மா உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டாள். பத்தொன்பது வருடம் அது நம் வீட்டுக்குள் இருந்தது. இப்போது மைக் வைத்து ஊருக்கே சொல்லப் போகிறீர்கள்.

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் இனி வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டு மாற்ற எங்களுக்குக் கார் கொடுக்கிறார்கள். லைசென்ஸ் இல்லாதவர்களை ரெக்கார்டு அறைக்கு மாற்றிவிடுவார்கள். இரண்டு தடவை டெஸ்டுக்குப் போனேன், இரண்டு தடவையும் ஃபெயில். ஓட்டத் தெரியும். சிவப்பு விளக்கு எரிகிறது, கால் பிரேக்மேல்தான் இருக்கிறது, ஆனால் அழுத்த மாட்டேன் என்கிறது. அழுத்தினால் யாரோ விழுந்துவிடுவார்கள் என்று அந்தக் கால் நினைக்கிறது. போன தடவை டெஸ்ட் எடுத்த அதிகாரி தன் பக்கத்து பிரேக்கை மிதித்துவிட்டு, “தற்கொலை பண்ணிக்கணும்னா தனியாப் போம்மா” என்றார். மார்ச் பன்னிரண்டாம் தேதி கடைசி வாய்ப்பு.

அதனால் கேட்கிறேன். அன்றைக்குப் பஸ் டிப்போ மேனேஜரின் பணி ஓய்வு விருந்துக்குப் போய்விட்டு மதியம் மூன்று மணிக்குத் திரும்பினோம். உங்கள் வாயில் ஏலக்காய் வாசனை வந்துகொண்டே இருந்தது. அதற்கப்புறம் எனக்கு எதுவும் நினைவில்லை. எத்தனை கிளாஸ், மாமா?


பிப்ரவரி 12

கண்ணு,

கடிதம் கிடைத்தது. என்ன கேள்வி கேட்கிறாய், கோர்ட்டில் வக்கீல் கேட்பது மாதிரி. இரண்டு கிளாஸ். அதுவும் மருந்து குடிக்கிற கிளாஸ் இருக்குமே, அந்த அளவு. டிப்போ மேனேஜர் முப்பது வருடம் பஸ்ஸைக் கட்டி மேய்த்தவர். அவர் ஊற்றிக் கொடுத்து வேண்டாம் என்றால் நம் ஊரில் ஒரு பஸ் எனக்கு நிற்காது.

நடந்தது என்ன என்பதை நீ சின்னப் பிள்ளை, மறந்திருப்பாய். ரயில்வே கேட் தாண்டி நேரான ரோடு. வெயில் சுள்ளென்று அடிக்கிறது. நான் முப்பதில் போகிறேன். இடது பக்கம் சைக்கிளில் கண்ணாடிக்காரர், ஜன்னலுக்குப் போடுகிற பெரிய கண்ணாடித் தகட்டை முதுகில் கட்டிக்கொண்டு போகிறார். திடீரென்று ஒரு கருப்பு நாய். நாயா அது? கன்றுக்குட்டி உயரம், ஒரு காது இல்லை, கழுத்தில் பட்டை. நான் லாவகமாக ஒடிக்கிறேன். அந்த நேரம் பார்த்து நீ மிதித்தாய், வண்டி வழுக்கியது. அவ்வளவுதான். சின்னப் பிள்ளை மிதித்ததற்கு யார் என்ன செய்ய முடியும்? நான் ஒரு நாளாவது உன்மேல் கோபப்பட்டிருக்கிறேனா?

உன் அம்மாவைக் கேள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அக்கா வீட்டில் எனக்குத்தான் முதல் கரண்டி. உன் அப்பாவுக்குக்கூட அப்புறம்தான். “என் பிள்ளையை ஸ்டேஷன் படி ஏறவிடாமப் பாத்துக்கிட்டவன்” என்று சொல்லிக்கொண்டே போடுவாள். ஒவ்வொரு ஞாயிறும் சொல்வாள். சொல்லாமல் போட்டால் தேவலை என்று சில நாள் தோன்றும். சரி, அதை விடு.

டெஸ்ட் ஒரு விஷயமே இல்லை. ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு வா. கண்ணைக் கட்டிவிட்டே உன்னை ஓட்ட வைக்கிறேன்.

மாமா


பிப்ரவரி 17

அன்புள்ள மாமாவுக்கு,

நாய் இருந்ததா, என்னைக் காப்பாற்ற நீங்கள் உண்டாக்கியதா? ஒரே கடிதத்தில் அதற்குக் காதும் கழுத்துப் பட்டையும் வந்துவிட்டன. என்னைக் காப்பாற்றச் சொன்ன நாய் என்றுதானே வீட்டில் சொல்லி வந்தீர்கள்?

நேற்று எனக்கு ஓய்வு நாள். முதல் பஸ்ஸில் வந்தேன். வீட்டுக்கு வரவில்லை, அம்மாவையும் பார்க்கவில்லை. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் படங்களுக்குச் சட்டம் போடுகிற கடை ஒன்று இருக்கிறது. கண்ணாடிக்காரர் அங்கேதான் இருக்கிறார். வலது முழங்கால் மடங்காது. ஒரு முக்காலிமேல் காலை நீட்டி வைத்துக்கொண்டு வேலை செய்கிறார். நான் யார் என்று சொன்னேன். கண்ணாடி வெட்டுகிற வைரப் பேனாவால் ஒரு கோடு இழுத்துக்கொண்டிருந்தார், அதை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். என் கால் செய்தது என்றேன். அவருக்கு நான் என்ன சொல்கிறேன் என்றே புரியவில்லை. பக்கத்து இருக்கையிலும் ஒரு பிரேக் இருக்கும், அதை நான் மிதித்தேன் என்று விளக்கிச் சொன்னேன். ரொம்ப நேரம் என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்:

“வண்டிச் சத்தம் கேட்டுத் திரும்புனேன்மா. உங்க மாமாவோட மோவாய் நெஞ்சுல இருந்துச்சு. கண்ணு மூடி இருந்துச்சு. வண்டி நேரா என் முதுகுக்கு வந்துச்சு, அப்புறந்தான் கிறீச்சுனு பிரேக்கு. இத்தனை வருஷமா யாரு போட்டதுன்னு எனக்குத் தெரியல. தூங்குற ஆளு எப்படிப் போட்டாருன்னு நெனச்சுக்குவேன்.”

அதைப் போலீஸிடமும் அன்றைக்கே சொன்னாராம். அவர்கள் எழுதிக்கொள்ளவில்லையாம்.

உங்கள் மூன்றாம் பத்தியை நான் அடிக்கப் போவதில்லை, மாமா. இருபத்தெட்டாம் தேதி கூட்டத்துக்கு அவர் வருகிறார், முன் வரிசையில் உட்காரப் போகிறாராம். எனக்கு ஒரே ஒரு பதில் போதும். கண் மூடியிருந்ததா?


பிப்ரவரி 19

பொடிசு,

ஊருக்கு வந்துவிட்டு மாமா வீட்டுப் பக்கம் தலைகாட்டாமல் போயிருக்கிறாய். நல்லது. இத்தனை வருடம் தூக்கி வளர்த்ததற்கு நல்ல மரியாதை.

முதுகில் ஆள் உயரக் கண்ணாடியைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் போகிறவர், திரும்பிப் பார்த்து, வண்டிக்குள் இருந்த என் மோவாயையும் கண்ணையும் அளந்தாராம். அந்தப் பார்வை எனக்கு இருந்தால் ராணுவத்தில் சேர்ந்திருப்பேன். அவருக்குக் கால் போன ஆத்திரம், சொல்லத்தான் செய்வார். நீயோ நேற்றுப் பார்த்தவரை நம்புகிறாய், நான் சொன்னதை

பிப்ரவரி 23

மேலே இருப்பதை நாலு நாள் மேஜை டிராயரிலேயே வைத்திருந்தேன். கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்று பார்த்தேன். கிழித்தால் இன்னொரு பொய் கூடும், இருக்கட்டும்.

இன்றைக்கு ஞாயிறு. அக்கா வீட்டுக்குப் போகவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லி அனுப்பினேன்.

கண் மூடியிருந்தது.

ஐந்து கிளாஸ். ஆறாகவும் இருக்கலாம், ஐந்துக்கு மேல் நான் எண்ணவில்லை. கேட் தாண்டியது நினைவிருக்கிறது. அப்புறம் நினைவிருப்பது கண்ணாடி உடைந்த சத்தம். முழித்துப் பார்த்தபோது என் வலது கால் ஆக்சிலேட்டர்மேல் அப்படியே இருந்தது. நீ இருக்கையின் நுனிக்குச் சறுக்கி வந்து, இரண்டு காலாலும் அந்தப் பெடலை மிதித்தபடி இருந்தாய். கதவுப் பிடியைப் பிடித்திருந்தாய். நான் எடுக்கச் சொல்லியும் எடுக்கவில்லை, காலைப் பிடித்து நான்தான் எடுத்துவிட்டேன்.

வகுப்பில் இந்தப் பாடத்தை நானே நடத்துகிறேன். ரோட்டில் டயர் தேய்ந்த கருப்புக் கோடு இருந்தால் யாரோ பார்த்து பிரேக் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். கோடே இல்லை என்றால் யாருமே பார்க்கவில்லை. அன்றைக்குக் கோடு இருந்தது. மறுநாள் காலையில் தனியாகப் போய் எட்டு வைத்து நடந்து அளந்தேன். பதினோரு எட்டு. பதினோரு எட்டுக்கு முன்னால் வண்டியில் ஒருத்தி முழித்திருந்தாள். அந்தப் பதினோரு எட்டு இல்லாவிட்டால் அவருக்குப் போயிருப்பது கால் அல்ல. நீ விளையாட்டாக மிதித்தாய் என்று எழுதினேனே, அது பொய் என்று எனக்கே தெரியும்; அந்தக் கோடு கண்ணில் படக்கூடாது என்று, அந்த ரோட்டுக்குப் புதுத் தார் போடுகிற வரை நான் வேறு வழியாகத்தான் போய் வந்தேன்.

நாய் என்னுடையதுகூட இல்லை. வந்த சப்-இன்ஸ்பெக்டர் என்னிடம் ஓட்டப் படித்தவர். என் வாய் வாடை மற்றவர்கள்மேல் அடிக்காதபடி காற்று போகும் பக்கமாக என்னைத் தள்ளி நிறுத்திவிட்டு, “நாய் ஏதாவது குறுக்கே வந்துச்சா வாத்தியாரே?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் கொடுத்த நாய், நான் தீனி போட்டு வளர்த்தேன்.

சாயங்காலம் அக்கா என் முகத்துக்கு நேரே வந்து, “குடிச்சிருந்தியா?” என்று கேட்டாள். நீ மாடிப்படியில் உட்கார்ந்து, கவுனில் ஒட்டியிருந்த கண்ணாடித் துகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாய். “இவதான் பிரேக்கை மிதிச்சுட்டா” என்றேன். நீ மிதித்தது நிஜம். அதனால்தான் அது அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது. அதற்கப்புறம் அக்கா என்னை எதுவும் கேட்கவில்லை, உன்னைத்தான் பார்த்தாள். நீ துகள் பொறுக்குவதை நிறுத்திவிட்டாய்.

உன் கால்மேல் எந்தத் தப்பும் இல்லை. அன்றைக்கு அந்த வண்டியை ஓட்டியது நீதான்.

மாமா


பிப்ரவரி 25

மாமாவுக்கு,

கடிதத்தை டியூட்டிக்கு நடுவில் படித்தேன். மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இன்னொரு தடவை படித்தேன். உங்கள்மேல் என்ன கோபம் என்று எழுத உட்கார்ந்தால் எழுத்து வரவில்லை. துகள் பொறுக்கியது எனக்கு நினைவே இல்லை. நீங்கள் இத்தனை நாள் அதை ஞாபகம் வைத்திருந்தீர்கள் என்பதுதான் ஆறவில்லை.

இருபத்தெட்டாம் தேதி நான் வரமாட்டேன். வந்தால் நீங்கள் என்னைப் பார்த்துப் பேசுவீர்கள். முன் வரிசையைப் பார்த்துப் பேசுங்கள்.

பேச்சைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மூன்றாம் பத்தி இருந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். அங்கே கனமான வார்த்தை எதுவும் வேண்டாம்.


மார்ச் 1

கண்ணு,

முடிந்தது. எப்படி முடிந்தது என்று அளந்து எழுதுகிறேன்.

மண்டபத்தில் ஆயிரம் பேர். (இருநூறு இருக்கும்.) எனக்கு முன்னால் ஹோட்டல்காரர் ஒருவர் பேசினார். ராத்திரி வியாபாரமே படுத்துவிடும் என்றார். டாக்ஸிக்காரர் ஒருவர் எழுந்து, ஒரு கிளாஸுக்கும் ஒரு பாட்டிலுக்கும் ஒரே தண்டனையா, இது என்ன நியாயம் என்றார். கைதட்டல். அப்புறம் ஓர் அம்மா, கையில் காகிதம் எதுவும் இல்லை, “எம்மகன் ரோட்டை ஒழுங்காத்தான் கடந்தான்” என்று ஒரே வாக்கியம் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். யாரும் கைதட்டவில்லை. எப்படித் தட்டுவது என்று தெரியவில்லை.

அடுத்தது நான். முப்பத்தொரு வருட அனுபவசாலி என்று எங்கள் சங்கத் தலைவரே மைக் பிடித்து அறிமுகப்படுத்தினார். முதல் இரண்டு பத்தியைப் படிக்கவில்லை. நீ விட்டிருந்த வெற்று இடத்திலிருந்து ஆரம்பித்தேன். ஐந்து கிளாஸ், மூன்று மணி, கேட் தாண்டி நேரான ரோடு, தூங்கினேன், பத்து வயதுப் பெண் பிரேக் போட்டாள், பழியை அவள்மேல் போட்டேன், நாய் இல்லை. நாலு நிமிடம் தந்தார்கள், ஒன்றரை நிமிடத்தில் தீர்ந்துவிட்டது. நான் பேசி நேரம் மிச்சமானது இதுதான் முதல் தடவை.

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். தலைவர் என் சட்டையை இழுத்தார். கூட்டம் நடத்திய அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “நீங்க சட்டத்தை ஆதரிக்கிறீங்களா, எதிர்க்கிறீங்களா? அதைச் சொல்லலையே” என்றார். மறந்தே போயிருந்தேன்.

“இந்தச் சட்டம் அன்னைக்கு இருந்திருந்தா மொத ஆளா நாந்தான் உள்ள போயிருக்கணும். அப்படிப் போயிருந்தா அந்தப் பொண்ணு வெளிய இருந்திருப்பா. எழுதிக்குங்க, ஆதரிக்கிறேன்” என்றேன்.

கண்ணாடிக்காரர் முன் வரிசையில், காலை நடைவழியில் நீட்டி உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்துத்தான் பேசினேன், நீ சொன்னபடி. அவர் என்னைப் பார்க்கவில்லை, மைக்கைப் பார்த்தார். வெளியே வாசலில் அவரிடம் போய்க் கை குவித்தேன்.

“அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டீங்களா?” என்றார்.

“சொல்லிட்டேன்.”

“அப்பச் சரி. எங்கிட்ட ஒண்ணும் பேச வேணாம்” என்று சொல்லிவிட்டு, மகன் கொண்டுவந்த ஆட்டோவில் காலை முதலில் ஏற்றி, அப்புறம் ஏறினார்.

சங்கத்துக் கார் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது. நடந்து வந்தேன். பள்ளிப் பலகையில் ‘விபத்தே இல்லாத 31 ஆண்டுகள்’ என்று எழுதியிருக்குமே, முதல் இரண்டு வார்த்தையைப் பெயிண்ட் வைத்து மூடினேன். ஒரே பூச்சில் மறையவில்லை, அடியில் தெரிகிறது.

அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. இருநூறு பேரிடம் சொல்லிவிட்டேன், ஒரு ஆளிடம் முடியவில்லை.

மாமா


மார்ச் 13

அன்புள்ள மாமாவுக்கு,

நேற்று டெஸ்ட். அதே அதிகாரிதான். என்னைப் பார்த்ததும் சீட் பெல்ட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டார். மார்க்கெட் முனையில் விளக்கு சிவப்பானது. கால் வழக்கம்போல பிரேக்மேல் நின்றது. இது ஏற்கெனவே ஒரு தடவை சரியாகச் செய்த கால் என்று நினைத்துக்கொண்டேன். அழுத்தினேன். வண்டி நின்றது. கையில் பால் பாக்கெட்டோடு ஓர் அம்மா எங்கள் முன்னால் கடந்து போனார். எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. “பாஸ்தான்மா, ஏன் அழறே” என்றார் அதிகாரி.

முந்தாநாள் அம்மா போன் செய்தாள். உங்களுக்கு மூன்று வாரமாக வயிறு சரியில்லையாம், ஞாயிற்றுக்கிழமை வருவதில்லையாம், சாப்பாடு கட்டிக் கொடுத்தனுப்புகிறாளாம். நான் ஒன்றும் சொல்லவில்லை. என்மேல் நீங்கள் வைத்த பழியை நீங்கள்தான் எடுக்க வேண்டும்.


மார்ச் 17

பொடிசு,

நேற்று ஞாயிறு. போனேன்.

செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே, வாசலில் நின்றபடி சொன்னேன். உள்ளே போய் உட்கார்ந்துவிட்டால் சொல்லமாட்டேன் என்று எனக்குத் தெரியும். அக்கா கையில் ஈரத் துணி இருந்தது. முழுக்கக் கேட்டாள். மண்டபத்தில் நான் பேசியது பேப்பரில் வந்த அன்றைக்கே பக்கத்து வீட்டுக்காரி படித்துக் காட்டிவிட்டாளாம். தெரிந்துகொண்டுதான் இத்தனை நாள் சாப்பாடு கொடுத்தனுப்பியிருக்கிறாள்.

“நீயா வர்றியான்னு பாத்தேன்” என்றாள். அப்புறம் துணியை நாலாக மடித்துக்கொண்டே, “எதையும் தொடாதே, சும்மா உக்காருன்னு சொல்லிச் சொல்லியே அவளை வளத்தேன்டா. உன்னை நம்பிச் சொன்னேன். அவகிட்ட நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் பேசுவேன்?” என்றாள்.

நீ லைசென்ஸ் வாங்கியதைச் சொன்னேன். அவளுக்கு அது தெரிந்திருக்கவில்லை. சமையலறைக்குள் போய்விட்டாள். ரொம்ப நேரம் தண்ணீர் திறந்திருக்கும் சத்தம் கேட்டது. உனக்கு அவள் இந்த வாரம் எழுதுவாள் என்று நினைக்கிறேன். போனில் பேச மாட்டாள். அவள் அழுதுவிடுவாள், உனக்கும் ‘ம்’ போட மட்டும்தான் இடம் கிடைக்கும்.

பிறகு கூப்பிட்டாள். உட்கார்ந்தேன். முதல் கரண்டியை உன் அப்பாவுக்குப் போட்டாள். இரண்டாவது தனக்குப் போட்டுக்கொண்டாள். கரண்டியைப் பாத்திரத்திலேயே வைத்து, பாத்திரத்தை என் பக்கம் தள்ளினாள். நானே போட்டுக்கொண்டேன்.

இதில் நான் எதையும் கூட்டி எழுதவில்லை.

மாமா